ஹால்ஸ்டெட் தெருவின் பாக்கி

ஏரிக்கரை

சிகாகோவில் ஒரு பல்கலைக்கழகம் என்றதும் நம் ஊரில் படித்தவர்களின் நினைவுக்கு வருவது நகரின் தெற்கே ஹைட் பார்க்கில் இருக்கும் தனியார் பல்கலைக்கழகம்தான். சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937 முதல் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தது அங்கே. சங்கக் கவிதைகளை ஏ.கே. ராமானுஜன் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனதும் அங்கிருந்துதான். அதே நகரில், நடுவூருக்கு ஒட்டினாற்போல, மாநில அரசின் பல்கலைக்கழகம் ஒன்று இருப்பதும் அதில் ஏறத்தாழ 33,000 பேர் படிப்பதும் பலருக்குத் தெரியாது. இல்லினாய் பல்கலைக்கழகம், சிகாகோ என்பது பெயர். ஊர்க்காரர்கள் யுஐசி என்கிறார்கள். சிகாகோவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களின் பட்டியலில் அது இருப்பதில்லை. ஆனால் நகரம் ஒன்று தன் பிள்ளைகளைப் படிக்கவைக்க என்ன விலை கொடுத்தது, அந்த விலையை யார் கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள அதைவிடப் பொருத்தமான வழித்தடம் அங்கே கிடையாது. மிச்சிகன் ஏரிக்குள் நீண்டிருக்கும் நேவி பியரில் தொடங்கி, மேற்கே மருத்துவ வட்டாரம்வரை போகும் வழி அது.

இன்றைய நேவி பியர் ஒரு பொருட்காட்சித் திடல். ராட்டினம், பாப்கார்ன் வாசனை, படகுச் சவாரிக்குக் கூவி அழைக்கிறவர்கள், தள்ளுவண்டியில் குழந்தையோடு நடக்கும் குடும்பங்கள். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஏரிக்குள் போகும் இந்தத் துறைமேடை 1916இல் சரக்குக் கப்பல்களுக்காகத் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் கடற்படையின் பயிற்சிக்கூடமானது. போர் முடிந்து சிப்பாய்கள் ஊர் திரும்பியபோது, 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர்களுடைய படிப்புச் செலவைக் கூட்டரசே ஏற்றுக்கொண்டது. பணம் கிடைத்தது, வகுப்பறை கிடைக்கவில்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் தாய் வளாகம் 220 கிலோமீட்டர் தெற்கே, சோளக்காடுகளுக்கு நடுவே அர்பானாவில் இருந்தது. எனவே 1946இல் இந்தச் சரக்குக் கொட்டகைகளைத் தடுப்புகளால் பிரித்து ஈராண்டுக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார்கள். முதலில் வந்த ஏறத்தாழ 4,000 பேரில் பெரும்பாலோர் போர்முனையிலிருந்து திரும்பியவர்கள். கப்பல் ஊதினால் பாடம் நிற்கும். ஒரு வகுப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போக நீண்ட நடைக்கூடம் முழுவதையும் கடக்க வேண்டும். மாணவர்கள் கேலியும் பெருமையுமாக அதற்கு ‘பாறைமேல் ஹார்வர்டு’ என்று பெயர் வைத்தார்கள்.

கேலிக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. இரண்டாண்டு முடிந்தபின் பட்டம் வாங்க அர்பானாவுக்குத்தான் போக வேண்டும். அங்கே தங்கிப் படிக்க வசதியில்லாதவர், சிகாகோவில் வேலை பார்த்துக் குடும்பத்துக்குச் சோறு போடுகிறவர், பாதியில் நின்றார். இறைச்சிக்கூடத் தொழிலாளியின் மகனும் எஃகு ஆலைக்காரரின் மகளும் வீட்டிலிருந்து பேருந்திலோ ரயிலிலோ போய்வந்து முழுப் பட்டம் வாங்க நகருக்குள்ளேயே இடம் வேண்டும் என்ற கோரிக்கை இங்கிருந்து கிளம்பியது. இது நியாயமான கோரிக்கை. இந்தக் கட்டுரையில் இனி வரும் எந்த வரியும் இந்த நியாயத்தை மறுக்கவில்லை. நியாயமான தேவை ஒன்றுக்காக எடுக்கப்பட்ட நிலம், நியாயமாக எடுக்கப்பட்ட நிலம் ஆகிவிடுமா என்பதே கேள்வி. நகரத்துக்குள் எழும் அரசுப் பல்கலைக்கழகத்தை ஆய்வுத் தாள்களின் எண்ணிக்கையை வைத்தும் தரவரிசையை வைத்தும் எடைபோடுவது போதாது. எந்த மக்களின் இடத்தில் நிற்கிறதோ அவர்களுக்கு அது என்ன திருப்பித் தந்தது என்பதையும் வரவில் எழுத வேண்டும் என்பது என் வாதம்.

ஹால்ஸ்டெட் தெரு

ஏரியிலிருந்து மேற்கே வந்து, வானுயர் கட்டடங்களைத் தாண்டி, ஆற்றைக் கடந்தால் ஹால்ஸ்டெட் தெரு. வடக்கே கிரேக்கர் கடைத்தெரு. அடுமனைக் கண்ணாடிப் பேழைகளில் தேனில் ஊறிய பக்லாவா அடுக்குகள், உணவகங்களில் ஆட்டுக்கறியும் எலுமிச்சையும் கலந்த வாசனை. இந்தக் கடைத்தெரு முதலில் இங்கே இல்லை. கொஞ்சம் தெற்கே இருந்தது. பல்கலைக்கழகம் வந்தபோது வடக்கே தள்ளப்பட்டது. அதிவேகச் சாலைப் பாலத்தைத் தாண்டித் தெற்கே நடந்தால், கான்கிரீட் கட்டடங்களின் நிழலில் ஒரு செங்கல் வீடு நிற்கிறது. 1856இல் கட்டியது. வெள்ளைத் தூண்களும் சுற்றுத் தாழ்வாரமும் கொண்ட பழைய பணக்கார வீடு. இதுதான் ஹல் ஹவுஸ்.

ஜேன் ஆடம்ஸும் எல்லென் கேட்ஸ் ஸ்டாரும் 1889இல் இந்த வீட்டில் குடியேறினார்கள். சுற்றிலும் இத்தாலியர், கிரேக்கர், ரஷ்ய யூதர், பொஹீமியர், ஐரிஷ்காரர் நெருக்கியடித்து வாழ்ந்த சேரி. படித்த பெண்கள் ஏழைகளின் நடுவே வந்து தங்கி, குழந்தைக் காப்பகம், இரவுப் பள்ளி, நூலகம், நாடக மேடை, இசைக் குழு என்று ஒவ்வொன்றாகத் தொடங்கினார்கள். ஏழைத் தையற்காரர் ஒருவரின் மகனான பென்னி குட்மன், பின்னாளில் ஜாஸ் உலகை ஆண்டவர், சிறுவனாக வாசித்தது இங்கிருந்த இசைக் குழுவில்தான். காலப்போக்கில் 13 கட்டடங்களாக வளர்ந்தது. ஆடம்ஸுக்கு 1931இல் அமைதி நோபல் கிடைத்தது.

தர்ம காரியம் என்று இதைச் சுருக்கிவிடுவது எளிது. ஆனால் அது ஓர் ஆராய்ச்சி நிலையமும்கூட. 1895இல் ஹல் ஹவுஸ்வாசிகள் ஒரு நூலை வெளியிட்டார்கள். ஃபுளோரன்ஸ் கெல்லியின் மேற்பார்வையில் வீடு வீடாகப் போய்க் கேட்டுத் தொகுத்த விவரங்களை வைத்து வரைந்த இரண்டு வரைபடங்கள் அதில் உண்டு. ஒன்று, எந்த வீட்டில் எந்த நாட்டார் என்று காட்டுவது. மற்றது, எந்தக் குடும்பத்துக்கு வாரக் கூலி எவ்வளவு என்று காட்டுவது. தெருக்களும் சந்துகளும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்திருக்கின்றன. வாரத்துக்கு 5 டாலர்கூடத் தேறாத குடும்பத்துக்குக் கறுப்பு, அதற்கு மேல் படிப்படியாக வேறு நிறங்கள். கண்ணைக் கிட்டே கொண்டுபோனால், ஒரே கட்டத்துக்குள் இரண்டு மூன்று நிறங்கள் பட்டையாக ஓடுவது தெரியும்: தெருவைப் பார்த்த பகுதியில் ஒருவர், பின்கட்டில் அவரைவிட ஏழை. சமூகவியல் என்ற துறை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அப்போதுதான் முளைவிட்டிருந்தது. அந்த வேலையை இந்தப் பெண்கள் பல்கலைக்கழகத்துக்கு வெளியே நின்று செய்துகாட்டினார்கள். குழந்தைத் தொழிலாளர்களைக் கட்டுப்படுத்தி இல்லினாய் 1893இல் இயற்றிய சட்டத்தின் பின்னணியில் கெல்லி இருந்தார். அதை அமல்படுத்தும் தலைமை ஆலை ஆய்வாளராகவும் அவரே அமர்ந்தார். இங்கே தங்கியிருந்த மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன், அக்கம்பக்கத்துத் தொழிலாளிகளுக்கு ஏன் கை விழுகிறது, ஏன் வயிறு பிடித்துக்கொள்கிறது என்று கேட்கப் போய், ஈய நச்சைத் துரத்திப் பிடித்தார். தொழில்சார் நோய் மருத்துவம் அமெரிக்காவில் அவரிடமிருந்து தொடங்குகிறது. 1919இல் ஹார்வர்டு வேலைக்கு எடுத்த முதல் பெண் ஆசிரியர் அவர்தான்.

1961இல் மேயர் ரிச்சர்ட் ஜே. டேலி புதிய வளாகத்துக்கு இந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். வேறு இடமே இல்லாமலில்லை. கார்ஃபீல்டு பூங்காப் பகுதி மக்கள் பல்கலைக்கழகம் தங்களிடம் வரட்டும் என்று கேட்டார்கள். அங்கே சட்டச் சிக்கல். நடுவூருக்குத் தெற்கே ரயில்வே நிலங்கள் சும்மா கிடந்தன. ரயில் கம்பெனிகள் ஒத்துவரவில்லை. ஹால்ஸ்டெட் பகுதி ஏற்கெனவே ‘நகரச் சீரமைப்பு’ என்று அறிவிக்கப்பட்டிருந்தது. கூட்டரசுப் பணம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. சீரமைப்பு என்றால் புதிய வீடுகள் என்று நம்பித் திட்டக் கூட்டங்களில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்தப் பகுதி மக்கள். அவர்களில் ஒருவர் இத்தாலியத் தையற்காரரின் மகளான ஃபுளோரன்ஸ் ஸ்காலா. எண்பதைத் தாண்டிய ஹல் ஹவுஸ்வாசி ஜெஸ்ஸி பின்ஃபோர்டும் அவரும் சேர்ந்து ஊர்வலம் போனார்கள், மேயர் அலுவலகத்தில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள், உச்ச நீதிமன்றம்வரை வழக்காடினார்கள். ஹல் ஹவுஸ் அறங்காவலர்களே விற்கச் சம்மதித்துவிட்டார்கள். 1963இல் வழக்கு முடிந்தது. ஏறத்தாழ 8,000 பேர் வெளியேறினார்கள், 600க்கும் மேற்பட்ட கடைகளும் தொழில்களும் போயின. 13 கட்டடங்களில் எஞ்சியவை மூல வீடும் சாப்பாட்டுக் கூடமும் மட்டுமே. இரண்டும் இன்று பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகம்.

கான்கிரீட்டின் நடுவே

1965 பிப்ரவரியில் திறக்கப்பட்ட புதிய வளாகத்தை வரைந்தவர் வால்டர் நெட்ஷ். குளத்தில் விழுந்த துளியிலிருந்து வளையங்கள் விரிவதுபோல வளாகம் விரிய வேண்டும் என்பது அவர் கற்பனை. நடுவில் விரிவுரைக் கூடங்கள், அவற்றின் கூரைமேல் திறந்தவெளி அரங்கு, அதைச் சுற்றி வகுப்பறைகள், வெளிவட்டத்தில் ஆய்வகங்கள். எல்லாவற்றையும் இணைத்துத் தலைக்குமேல் கருங்கல் பலகை பாவிய நடைபாதைகள். நிர்வாகம் உட்கார 28 மாடிக் கோபுரம். கீழே ஒடுங்கி, மேலே போகப் போக அகலமாவது. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் தலைமேல் சாய்கிறதோ என்று தோன்றும்.

கட்டடக் கலைஞர்கள் கொண்டாடினார்கள். அங்கே அன்றாடம் நடந்தவர்கள் கொண்டாடவில்லை. சிகாகோவின் குளிர்காலத்தில் மேல்நடைபாதையில் ஏரிக்காற்று முகத்தை அறுக்கும். கீழே நடந்தால் இருட்டு. பலகை இடுக்குகளில் நீர் ஒழுகும். 1990களில் நடைபாதைகளையும் நடு அரங்கையும் இடித்துப் புல்வெளியாக்கினார்கள். இன்று சாயங்கால வெயிலில் அந்தப் புல்லில் மாணவர்கள் கால் நீட்டிப் படிக்கிறார்கள். ஸ்பானிஷ், அரபு, போலிஷ், உருது, ஆங்கிலம் எல்லாம் கலந்து காதில் விழுகின்றன. முக்காடு அணிந்த பெண்ணும் மருத்துவமனைச் சீருடையோடு பகுதிநேர வேலைக்குக் கிளம்பும் பெண்ணும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். இங்கே எந்த இனமும் பெரும்பான்மை இல்லை. லத்தீன் அமெரிக்க வம்சத்தவர் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருக்கிறார்கள். இளநிலை மாணவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பெல் உதவித்தொகை வாங்குகிறவர்கள். பெரும்பாலோர் வீட்டிலிருந்து போய்வருகிறவர்கள்.

இந்தக் கூட்டம் தானாக வந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். புலம்பெயர்ந்த ஏழைகளின் பேட்டையை இடித்துக் கட்டிய வளாகத்தில், அருகே பில்சனில் வாழ்ந்த மெக்சிக, போர்ட்டோரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள் ஆரம்ப ஆண்டுகளில் அரிதாகவே தென்பட்டார்கள். 1973இல் அவர்கள் அந்த 28 மாடிக் கோபுரத்துக்குள் உட்கார்ந்து போராடினார்கள். மாணவர் சேர்க்கைக்கு உதவும் திட்டமும், 1976இல் ஒரு லத்தீன் பண்பாட்டு மையமும் அதன் பிறகுதான் வந்தன. பட்டதாரி ஊழியர்கள் 2019இலும், ஆசிரியர்கள் 2023 ஜனவரியிலும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆசிரியர்களின் கோரிக்கைகளில் மாணவர்களுக்கான மனநல உதவியும் ஒன்று. இந்தப் பல்கலைக்கழகம் நகரத்துக்கு நன்மை செய்த இடங்களில் பலவற்றில் யாரோ கேட்டு, நச்சரித்து, உட்கார்ந்து வாங்கிய தடம் இருக்கிறது. வரலாற்று அறிமுகக் கையேடுகள் இதை நிர்வாகத்தின் தொலைநோக்கு என்று எழுதும். காலவரிசை அப்படிச் சொல்லவில்லை.

வளாக நூலகத்துக்கு மேயர் டேலியின் பெயர். அவருடைய ஆவணங்கள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. அவரை எதிர்த்து வழக்காடிய ஃபுளோரன்ஸ் ஸ்காலாவின் காகிதங்களும் அதே நூலகத்தின் காப்பகத்தில்தான் இருக்கின்றன. முரண்நகை என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் ஒரு பல்கலைக்கழகம் தன்மீதான வழக்கின் எதிர்த்தரப்புச் சான்றுகளைத் தானே பாதுகாத்து, கேட்கிற எவருக்கும் எடுத்துக் கொடுப்பது சின்ன விஷயமில்லை. தொழிற்சாலையோ வணிக வளாகமோ இதைச் செய்யாது. பாக்கியை ஒப்புக்கொள்வதற்கான முதல் அடி அது. அடைத்ததற்கான ரசீது அல்ல.

மேக்ஸ்வெல் தெரு

வளாகத்தின் தென்கோடியில் மேக்ஸ்வெல் தெரு. நம்மூர் மூர் மார்க்கெட்டும் குஜிலிக் கடைகளும் சேர்ந்தால் எப்படி இருக்குமோ அப்படியொரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ஒரு காலத்தில் இங்கே கூடியது. யூத வியாபாரிகள் தள்ளுவண்டியில் தொடங்கி வைத்தார்கள். தெற்கு மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பினத்தவர் பிறகு சேர்ந்தார்கள். பக்கத்துக் கடையிலிருந்து மின்கம்பியை இழுத்துக் கிதாரில் மாட்டி நடுத்தெருவில் வாசித்தார்கள். மடி வாட்டர்ஸ், லிட்டில் வால்டர் போன்றவர்கள் வாசித்த தெரு இது. சிகாகோ புளூஸின் மின்சார ஒலி பழகியது இந்தச் சந்தை இரைச்சலோடு போட்டி போட்டுத்தான்.

1994இல் சந்தையை நகராட்சி வேறு தெருவுக்கு மாற்றியது. பல்கலைக்கழகம் தெற்கே விரிந்தது. பழைய கட்டடங்கள் சிலவற்றின் முகப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் புதிய வீடுகளும் விடுதிகளும் கார் நிறுத்துமிடமும் எழுப்பினார்கள். தெரு இப்போது சுத்தமாக இருக்கிறது. செங்கல் முகப்புகள் கழுவித் துடைத்தவை. கைமாற்றி வாங்க எதுவும் இல்லை. சந்தையின் வாசனையைத் தேடுகிறவர் அதிவேகச் சாலையோரம் இடம்பெயர்ந்த ஜிம்ஸ் ஒரிஜினல் கடைக்குப் போக வேண்டும். 1939 முதல் நடக்கிற கடை. இரும்புக் கல்லில் மலைபோலக் குவித்த வெங்காயம் மணிக்கணக்காக வதங்கிப் பழுப்பேறியிருக்கும். ரொட்டிக்குள் போலிஷ் தொத்திறைச்சி, அதன்மேல் கடுகுச் சாந்து, ஒரு பிடி வெங்காயம், ஊறுகாய்ப் பச்சை மிளகாய். அதோடு உருளைக்கிழங்கு வறுவலையும் சேர்த்துக் காகிதத்தில் சுற்றித் தருகிறார்கள். உட்கார நாற்காலி கிடையாது. வண்டி ஓட்டுநர், மருத்துவ மாணவி, காவலர் என்று எல்லோரும் நின்றே சாப்பிடுகிறார்கள்.

1961இல் நடந்தது அக்காலத்துத் தவறு, அன்று அமெரிக்க நகரங்கள் எல்லாமே அப்படித்தான் இடித்துக் கட்டின, ஹைட் பார்க்கின் தனியார் பல்கலைக்கழகமும் தன்னைச் சுற்றி இதையே செய்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் பதில். உண்மைதான், ஆனால் அந்தப் பதில் மேக்ஸ்வெல் தெருவில் செல்லாது. 1993இல் யுஐசி தலைவர் ஜேம்ஸ் ஸ்டுக்கெல், நகரத்தின் பிரச்சினைகளுக்குப் பல்கலைக்கழகம் தோள் கொடுக்கும் என்று பெருநகரங்கள் முன்முயற்சியை அறிவித்திருந்தார். அடுத்த ஆண்டே சந்தை கிளம்பியது. நகரத்துக்கு உதவுவதை ஒரு துறையாகவும் நிறுவனமாகவும் வைத்துக்கொண்டு, நிலம் வேண்டும்போது பழைய வழியிலேயே போக முடியும் என்பதற்கு இது சான்று. நகரத்தை ஆராய்வதும் நகரத்தோடு வாழ்வதும் ஒரே வரவு அல்ல. ஹல் ஹவுஸ் பெண்கள் இரண்டையும் சேர்த்தே செய்தார்கள். வரைபடத்தில் கறுப்புக் கட்டமாக வரைந்த வீட்டுக்காரரை மறுநாள் காலை வாசலில் சந்திக்க வேண்டியிருந்தது.

டெய்லர் தெரு

மேற்கே திரும்பினால் டெய்லர் தெரு. பழைய இத்தாலியர் பேட்டையில் எஞ்சியிருக்கும் பகுதி. அல்ஸ் கடையில் மாட்டிறைச்சியைக் காகிதம்போல மெலிதாகச் சீவி, ரொட்டிக்குள் திணித்து, முழு ரொட்டியையும் சாற்றில் முக்கி எடுக்கிறார்கள். கையில் எடுத்தால் முழங்கைவரை ஒழுகும். அதனால் காலை அகட்டி, முழங்கையை மேடையில் ஊன்றி, முன்னால் குனிந்து சாப்பிடுவது இங்கத்திய முறை. எதிரே மேரியோஸ் என்ற சின்னக் குடில், கோடையில் மட்டும் திறக்கும். எலுமிச்சைத் தோல் துணுக்குகள் மிதக்கும் ஐஸ் சீவலுக்காக வரிசை நடைபாதையில் வளைந்து நிற்கிறது. வரிசையில் இத்தாலிய முதியவர்கள் குறைவு, மாணவர்கள் அதிகம். இந்தத் தெருவில்தான் ஃபுளோரன்ஸ் ஸ்காலா, தோற்ற வழக்குக்குப் பிறகும் வேறெங்கும் போகாமல், 1980இல் தன் குடும்பத்துக் கட்டடத்தில் உணவகம் தொடங்கினார். ஸ்டட்ஸ் டெர்க்கெல் தன் ‘டிவிஷன் ஸ்ட்ரீட்: அமெரிக்கா’ நூலை அவருடைய குரலோடுதான் தொடங்குகிறார். 2007இல் ஸ்காலா இறந்தார்.

வாதத்துக்கு எதிரான வலுவான ஆட்சேபம் இந்த வரிசையைப் பார்க்கும்போது எழுகிறது. 8,000 பேர் வீடிழந்தது வருத்தம்தான். ஆனால் அதன்பின் லட்சக்கணக்கானோர் பட்டம் வாங்கினார்களே, பேருந்தில் போய்வந்து டாக்டரும் ஆசிரியரும் பொறியாளரும் ஆனார்களே, கூட்டிக் கழித்துப் பார்த்தால் நகரத்துக்கு லாபம்தானே என்று கேட்கலாம். மொத்தத் தொகையில் லாபம்தான். ஆனால் கொடுத்தவரும் பெற்றவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கும்போது மொத்தத்தைக் கூட்டிக் காட்டுவது கணக்கே அல்ல. கிரேக்கக் கடைக்காரர் இழந்த கடைக்கு, பத்து ஆண்டு கழித்துப் புறநகரிலிருந்து வந்து படித்தவரின் பட்டம் ஈடாகாது. ஈடு என்று ஏதாவது உண்டென்றால் அது ஒன்றுதான்: அந்தக் கடைக்காரரைப் போன்றவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு எப்போதும் திறந்திருப்பது, அதுவும் அவர்களால் கட்டக்கூடிய கட்டணத்தில். அதனால்தான் 2015 முதல் 2017 வரை இல்லினாய் அரசு பட்ஜெட் போடாமல் இழுத்தடித்து, அரசுப் பல்கலைக்கழகங்களின் நிதி வற்றியது வெறும் நிர்வாகச் செய்தி அல்ல. அரசு கையை விரித்தால் பாரம் கட்டணத்தின்மீது ஏறும்; கட்டணம் ஏறினால், எந்தக் குடும்பங்களின் பெயரைச் சொல்லி அந்த நிலம் எடுக்கப்பட்டதோ அந்தக் குடும்பங்கள் இரண்டாம் முறையாக வெளியே நிற்கும்.

இதே தெருவில் 2025 ஏப்ரலில் தேசியப் பொதுக் குடியிருப்பு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1938இல் ஏழைகளுக்காக அரசு கட்டிய ஜேன் ஆடம்ஸ் குடியிருப்பில் எஞ்சிய ஒரே கட்டடத்தில் அது நடக்கிறது. அரசு கட்டிய வீடு எப்படி வாழ்ந்தது, எப்படி இடிந்தது என்பதை அங்கே வாழ்ந்தவர்களின் பொருட்களைக் கொண்டே சொல்கிறார்கள். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடும்பங்களை லாரியில் ஏற்றி அனுப்பிய சென்னையில் இப்படி ஒரு காட்சிக்கூடம் இன்னும் வரவில்லை. அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்குச் சேப்பாக்கம் கல்லூரி இப்போது எத்தனை பேருந்து தூரம் என்று நம் பல்கலைக்கழகங்கள் கேட்டுப் பார்த்ததாகவும் தெரியவில்லை.

மருத்துவ வட்டாரம்

டெய்லர் தெருவே மேற்கு வளாகத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. நெட்ஷின் கான்கிரீட் மறைந்து, கோத்திக் கூரைகளும் செங்கல்லும் தொடங்குகின்றன. 1882இல் தனியார் மருத்துவர்கள் தொடங்கிய கல்லூரி பின்னர் இல்லினாய் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, 1982இல் கிழக்கு வளாகத்தோடு இணைந்தது. அந்த இணைப்பில்தான் இன்றைய யுஐசி பிறந்தது. ஆய்வுப் பல்கலைக்கழகம் என்ற கனம் அதற்குக் கூடியதும் அதன்பின்தான். அருகே குக் கவுண்டியின் பழைய பொது மருத்துவமனை, 1914இல் கட்டிய நீண்ட முகப்புக் கட்டடம். பல தலைமுறை ஏழைகள் பிறந்ததும் இறந்ததும் அங்கே. 2020 முதல் அது ஒரு ஹோட்டல்.

ஆராய்ச்சிக்கு ஊர் கிடையாது, அதைச் சுற்றுவட்டாரத்தோடு கட்டிப்போடுவது குறுகிய பார்வை என்பது இங்கே வரும் இரண்டாவது ஆட்சேபம். யுஐசியில் அருண் கோஷ் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்தில் உருவான டருனவிர் என்ற மருந்து 2006இல் அனுமதி பெற்று, உலகெங்கும் எச்ஐவி நோயாளிகளின் ஆயுளை நீட்டிக்கிறது. 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் எதிரியின் விண்வெளி நிலையத்தைத் தாக்கத் திட்டம் விளக்கும் காட்சியின் கணினி வரைகலையை லாரி கியூபா உருவாக்கியது கிழக்கு வளாகத்து ஆய்வகத்தில்தான். இவற்றுக்கும் ஹால்ஸ்டெட் தெருவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஒன்றுமில்லைதான். எல்லா ஆய்வும் பக்கத்துத் தெருவைப் பற்றியே இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை.

ஆனால் உள்ளூர்க் கேள்வி என்றால் சின்னக் கேள்வி என்று இந்த ஆட்சேபம் சொல்லாமல் சொல்கிறது. அது தவறு. இதே மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் பெர்னார்டு ஃபாண்டஸ், இன்று ஹோட்டலாகிவிட்ட அந்தப் பொது மருத்துவமனையில் 1937இல் அமெரிக்காவின் முதல் மருத்துவமனை ரத்த வங்கியைத் தொடங்கினார். கூட்டம் அலைமோதும் ஏழைகளின் மருத்துவமனையில், ரத்தம் கொடுக்க ஆள் தேடி ஓடும் நேரத்துக்குள் நோயாளி போய்விடுவார் என்ற அன்றாடச் சிக்கலுக்கான விடை அது. ஹாமில்டனின் ஈய ஆய்வும் அதே வகை. நம்மூரிலும் இதற்குச் சான்று உண்டு: 1950களில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரன் கொலாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பைக் கண்டபோது, ஆய்வுக்கான மாதிரிகள் கிடைத்தது கிண்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து. தோல் பதனிடும் ஊராக இருந்ததால் அப்படியொரு நிறுவனம் இங்கே வந்தது. அது இருந்ததால் உலக அறிவியலில் ஒரு கதவு திறந்தது. நகரத்துக்குள் இருப்பதால் ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கிடைக்கும் அனுகூலம் இதுதான். கேள்விகள் வாசலிலேயே நிற்கும்.

திரும்பும் ரயில்

திரும்பிப்போக நீல வழித்தட ரயில். மருத்துவ வட்டாரம், ரசீன், யுஐசி–ஹால்ஸ்டெட் என்று மூன்று நிலையங்களும் அதிவேகச் சாலையின் நடுவே இருக்கின்றன; இருபுறமும் கார்கள் சீறிப்பாய, நடைமேடையில் மாணவர்கள் காதில் ஒலிக்கருவியோடு நிற்கிறார்கள். இரவு முழுக்க ஓடும் ரயில் என்பதால் கடைசி வகுப்பு முடித்துக் கடைநேர வேலைக்குப் போகிறவருக்கும் இதுவே வழி. வளாகத்துக்குச் சுற்றுச்சுவரோ காவலர் நிற்கும் வாயிலோ இல்லை. பெயரட்டை கேட்டு நிறுத்தும் நம் வளாகங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது முதலில் உறைக்கிறது. ஆனால் சுவர் இல்லாத வளாகமும் ஆட்களை வெளியே நிறுத்த முடியும். நிலம் எடுப்பதிலும் கட்டணத்திலும் அது நடந்துவிடும்.

உலகத் தரவரிசைப் பட்டியல்கள் யுஐசியை மேற்கோள்களையும் ஆய்வு நிதியையும் எண்ணி ஓர் இடத்தில் வைக்கின்றன. நம் மாநிலப் பல்கலைக்கழகங்களும் இன்று அதே அளவுகோலின் பின்னால் ஓடுகின்றன. அந்த எண்கள் பொய் இல்லை. ஆனால் பேருந்தில் வந்து போகும் முதல் தலைமுறை மாணவர் பட்டம் வாங்கியதையோ, ஒரு சந்தை காணாமல் போனதையோ அந்தப் பட்டியலில் எந்தப் பத்தியிலும் எழுத இடமில்லை. யுஐசியின் வரலாற்றில் இரண்டும் இருக்கின்றன, இரண்டும் அதே அளவு உண்மை. அதன் வரவில் நான் முதலில் எழுதுவது டருனவிரை அல்ல, பாதிக்குப் பாதி மாணவர்கள் ஏழைக் குடும்பங்களிலிருந்து வருவதை. செலவில் முதலில் எழுதுவது 1963ஐ அல்ல, 1994ஐ. ஏனென்றால் முதல் முறை தெரியாமல் செய்தோம் என்று சொல்ல வழியுண்டு, இரண்டாம் முறைக்கு இல்லை. மாநில அரசு தன் பங்கைத் தொடர்ந்து கொடுத்து, கட்டணம் கைக்கு அடங்கி, அடுத்த விரிவாக்கத்துக்கு முன் அக்கம்பக்கத்தாரின் சம்மதத்தைக் கேட்டு நிற்கும்வரை அந்தக் கணக்கை மூட முடியாது. நிலத்தையும் வரிப்பணத்தையும் நகரத்திடம் வாங்கிக்கொண்ட எந்தப் பல்கலைக்கழகத்திடமும், சென்னையில் இருப்பது உட்பட, ஆண்டறிக்கையில் இந்தக் கணக்கையும் சேர்த்துக் காட்டச் சொல்லிக் கேட்பது அந்த நகரத்தாரின் உரிமை.